பொறுமைக்கு எத்தனை புள்ளி

முப்பத்தோரு வருட அரசாங்க உத்தியோகத்தில் முதல் தடவையாக, செவல்குளம் விமான நிலையத்தின் இயக்குநர் எஸ்தர் செல்வக்கனி தன் ஊழியர்களைக் கூப்பிட்டு வேலையை மோசமாகச் செய்யும்படி கேட்டுக்கொண்டாள்.

கூட்டம் நடந்தது தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகையில். டெர்மினலுக்குள் இதையெல்லாம் பேச முடியாது. அங்கே கூரை முழுக்கத் துலாவின் கண்ணும் காதும் பதித்திருந்தார்கள்.

நாட்டின் விமான நிலையங்கள் எல்லாமே ஒரு காலத்தில் அரசாங்கத்தின் விமான நிலைய ஆணையத்துக்குத்தான் சொந்தம். நிலம், ஓடுபாதை, கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் வரை அதனுடையது. பிறகு ஐம்பது வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் விட ஆரம்பித்தார்கள். பெரிய ஊர்கள் முதலில் போயின. அப்புறம் கூட்டமுள்ள ஒரு நிலையத்தோடு ஈயோட்டும் நிலையம் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, ஜோடி ஜோடியாகத் தள்ளிவிட்டார்கள். விமானங்களை ஏற்றி இறக்கும் கோபுரத்தை மட்டும் ஆணையம் தன் கையில் வைத்துக்கொண்டது. அடுத்து எதை விடுவது என்பதில் அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் 2058-ல் அந்தத் தலைவலியை ஓர் இயந்திர மூளையிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் துலா. பயணிகளின் முகத்தையும் பேச்சையும் நடையையும் கவனித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டிய நிலையம் ஏலப் பட்டியலில் ஏறிவிடும்.

எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது என்று ஆணையம் வெளியே சொன்னதில்லை. ஆனால் துலாவின் சின்னம் ஒரு சிரித்த முகம். பயணிகளின் சந்தோஷத்தைத்தான் அளக்கிறது என்று நாடே நினைத்தது. எஸ்தரும் அப்படித்தான் நினைத்தாள். செவல்குளம் கடைசியாக வாங்கியது அறுபத்து நான்கு. போகிற போக்கில் அடுத்த முறை எழுபதைத் தொட்டுவிடும்.

எஸ்தர் இதற்கு முன் உதவி இயக்குநராக இருந்த நிலையம் அவள் கண் முன்னாலேயே கைமாறியது. பளபளவென்று தரை போட்டார்கள். செடி வைத்தார்கள். பொறுப்பை ஒப்படைத்து முடியும்வரை எஸ்தரும் அங்கேயே இருந்தாள். ஒருநாள் குவைத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. கட்டட வேலைக்குப் போன மனிதர் பிணமாகத் திரும்பியிருந்தார். ஆணையத்தின் காலத்தில் அப்படி வரும் பெட்டியை அரை மணி நேரத்தில் வெளியே விட்டுவிடுவார்கள். புதிய நிர்வாகத்தில் சரக்கு எதுவானாலும் கணினி ஒதுக்கும் நேரத்தில்தான் வெளியேற வேண்டும். காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு மாலை ஐந்து மணி ஒதுக்கப்பட்டது. பதினோரு மணி நேரம் வாசலில் நின்ற அவர் மனைவியிடம் எஸ்தர் மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெண் சொன்னாள், "பரவாயில்லைங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துட்டாரே, இதுல என்ன." அந்த வார்த்தை எஸ்தரின் மனதில் முள்ளாகத் தைத்து நின்றது. வளைகுடாவிலிருந்து செவல்குளத்துக்கும் அப்படிப்பட்ட பெட்டி மாதத்துக்கு ஒன்றாவது வரும்.

ஆகவே, துலா சந்தோஷத்தை அளக்கிறதென்றால் யாரும் சந்தோஷப்படக் கூடாது. நாற்பத்தொரு ஊழியர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புப் படைத் தலைவர் இசக்கிமுத்து கையைத் தூக்கினார். ஐம்பத்தாறு வயது, எதையும் விளக்கமாகக் கேட்டுக்கொள்ளும் மனிதர்.

"தீப்பிடிச்சா மட்டும் நல்லா அணைக்கலாமா மேடம்?"

"அதை மட்டும் நல்லாவே செய்யுங்க அண்ணாச்சி," என்றாள் எஸ்தர்.

யாருக்கும் விமானம் தவறக் கூடாது, குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லக் கூடாது என்று இரண்டு விதி மட்டும் வைத்தாள். மற்றதெல்லாம் அவரவர் திறமை.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால், இத்தனை திறமை இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தோன்றும். ஏசியைக் காலையில் மார்கழிக்கும் மதியம் சித்திரைக்கும் வைத்தார்கள். நான்கு கவுன்ட்டரில் மூன்றை மூடினார்கள். நாற்காலிகளைப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று சொல்லிக் கழற்றிக் கொண்டுபோய் மரத்தடியில் குவித்தார்கள். பெட்டிகள் வரும் பட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெட்டியைத் துப்பியது. அறிவிப்பு யாருக்கும் புரியாதபடி செய்ய ஒலிபெருக்கியில் துணி திணித்தார்கள். ஆனால் அது முன்பே புரியாது என்பதால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. கேன்டீன் நடத்தும் மைமூன் மட்டும் டீயைக் கெடுக்க மறுத்துவிட்டாள். தன் கையால் அது வராது என்றாள். வேண்டுமானால் தாமதமாகக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

எஸ்தர் தினமும் டெர்மினலுக்குள் ஒரு சுற்று வந்தாள். யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று ஆசையோடு எதிர்பார்த்தாள். மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை வழியனுப்ப ஒன்பது பேர் வந்து, உட்கார இடமில்லாமல் வெயிலில் நின்றார்கள். எஸ்தர் போய், ரொம்பச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டாள். பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லைம்மா. ஏரோப்ளேன்னா இப்படித்தான இருக்கும்."

இன்னொருவர் பெட்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு அவளைத் தேடி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள் எஸ்தர். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டைக்குப் பக்கத்தில் சும்மா நின்றபோது தன்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவரைச் சந்தித்தாராம். பேசிப் பேசி, இவர் மகனுக்கு அவர் மகளை முடிவு செய்தாயிற்றாம். கல்யாணத்துக்கு மேடம் அவசியம் வர வேண்டும் என்றார். எஸ்தர் என்ன செய்வதென்று தெரியாமல் வாழ்த்துச் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்தது. மதிப்பெண் வந்த காலையில் அவள் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். முப்பது வரும் என்றார் இசக்கிமுத்து. மைமூன் நாற்பது என்றாள்.

தொண்ணூற்றொன்று வந்திருந்தது. நாட்டிலேயே முதலிடம்.

அடுத்த வாரமே ஆணையத்தின் தலைமையகத்திலிருந்து சாம்பமூர்த்தி வந்து இறங்கினார். மதிப்பீட்டுப் பிரிவின் பொது மேலாளர். எஸ்தரோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவள் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மாடி மாடியாக ஏறிப் போயிருந்தார். கூடவே மேகதாரா நிறுவனத்தின் சார்பாக ஊர்மிளா சேத் என்ற பெண்மணி. பதினாறு நிலையங்கள் ஏற்கெனவே அவர்கள் கையில்; எஸ்தரின் பழைய நிலையமும் அதில் ஒன்று. ஊர்மிளா டெர்மினலை ஒரு தரம் சுற்றி வந்தாள். வெறுந்தரையில் செய்தித்தாள் விரித்து அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு அருமையான ஜனங்களைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று எஸ்தரின் கையைக் குலுக்கினாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எஸ்தரை என்னவோ செய்தது.

சாம்பமூர்த்தி ஓடுபாதை ஓரமாக நடக்கலாம் என்று எஸ்தரைக் கூப்பிட்டார். அங்கே துலாவுக்குக் காது கிடையாது.

"நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நாற்காலி மரத்தடியில கிடக்கறதைப் பார்த்தேன்."

எஸ்தர் மரத்தடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"துலா சந்தோஷத்தை அளக்கறதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கே சார்."

"அது வாங்கறவன் மூஞ்சி."

காற்று அவர் டையைத் தூக்கித் தோளில் போட்டது. அதை இழுத்துவிட்டுக்கொண்டே விளக்கினார். சந்தோஷமாக இருக்கும் பயணிக்கு நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும். ஐம்பது வருடத்துக்கு எடுக்கிறவனுக்கு அது ஆகாத சமாச்சாரம். எதை எதைப் பறித்தாலும் ஜனங்கள் திரும்ப வருவார்களா, வாயைத் திறக்காமல் வருவார்களா, அவனுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். துலா அளப்பது அதை. உள்ளே கோப்புகளில் அதற்குத் தாங்குதிறன் என்று பெயர்.

"சாதாரணமா நாங்க ஒரு நிலையத்தோட தாங்குதிறனை ஊகம்தான் பண்ணுவோம். நீங்க முழுப் பரிசோதனையே நடத்திக் காட்டிட்டீங்க. மூணு மாசத்துல உங்க டெர்மினல்ல பதினோராயிரம் தடவை பரவாயில்லைன்னு சொல்லியிருக்கா. இதுவரை எங்கேயும் வராத நம்பர்."

"இப்படி அளக்கணும்னு யார் சார் முடிவு பண்ணினது?"

அவர் சற்று நேரம் எதிரே தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான்," என்றார்.

ஒப்பந்தத்துக்கு முன் துலா இன்னொரு தடவை மதிப்பெண் போடும். அது வெறும் சடங்கு, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். முப்பத்தோரு வருடத்தில் தனக்கு வந்த மாற்றல் எதற்கும், தாண்டிப்போன பதவி உயர்வு எதற்கும் எஸ்தர் ஒரு மனு எழுதியதில்லை. மேலே இருப்பவர்கள் சொல்லுவதற்கு "சரி சார்" என்று தலையாட்டித்தான் அவளுக்குப் பழக்கம். அன்றும் தலையாட்டினாள். அறைக்குத் திரும்பி நடக்கும்போதுதான், தானும் அந்தப் பதினோராயிரத்தில் ஒருத்தி என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே மறுபடி கொட்டகையில் கூட்டம். இந்த முறை அவள் சொன்னது முன்னதைவிட விசித்திரமாக இருந்தது. இந்த ஊர் ஜனங்களைக் கெடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைப் போல நடத்தி, தாங்கு தாங்கென்று தாங்கி, கொஞ்சமும் பொறுமையில்லாதவர்களாக ஆக்கிவிட வேண்டும்.

"எத்தனை நாள்ல மேடம்?" என்றார் இசக்கிமுத்து.

"தொண்ணூறு."

"நம்ம ஆளுகளையா? சந்தேகந்தான்," என்றார் அவர். ஆனாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றார்.

நாற்காலிகள் திரும்பின. மெத்தை தைத்துப் போட்டார்கள். விமானப் படியிலிருந்து கட்டடம் வரை குடை பிடித்தார்கள். தீயணைப்புப் படையினர் முழுச் சீருடையில் பெட்டி தூக்கினார்கள். மாலை விமானத்துக்கு மைமூன் சுண்டல் கொடுத்தாள். அறிவிப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். "துபாய் போற கனகலிங்கம் அண்ணாச்சி, வண்டி நிக்கும், டீயைக் குடிச்சிட்டே வாங்க" என்று அவள் சொல்லுவது ஓடுபாதையின் கடைசி வரை கேட்டது. விமானம் இரண்டு நிமிடம் தாமதமானால்கூட எஸ்தர் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள்.

ஜனங்கள் மிரண்டுபோனார்கள். தேர்தல் வருகிறதா என்று விசாரித்தார்கள். ஒருவர் தன் பெட்டியைத் தூக்க வந்த தீயணைப்பு வீரரைப் பார்த்து, சோதனை போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டியோடு ஓடினார். மெத்தை வைத்த நாற்காலி பெரிய மனிதர்களுக்காக இருக்கும் என்று எண்ணி முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டால் பதிலுக்கு அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். நான்கு வாரம் இப்படியே போனது. எஸ்தருக்கு நம்பிக்கை விட்டுப்போகத் தொடங்கியது.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, யாரையாவது வழியனுப்ப வாராவாரம் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் நெல்லையப்பன் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார். எங்கே வைத்தோம் என்று தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார்: சுண்டலில் மாங்காய் போடவில்லை. போன வாரம் போட்டிருந்தார்கள்.

எஸ்தர் அதைக் கொட்டகையில் வாசித்துக் காட்டியபோது நாற்பத்தொரு பேரும் கை தட்டினார்கள். மைமூனுக்கு மட்டும் கோபம். மாங்காய் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று முணுமுணுத்தாள்.

அதன் பிறகு சரசரவென்று பிடித்துக்கொண்டது. குடையில் ஓட்டை. மெத்தை இடது பக்கம் அமுங்குகிறது. அறிவிப்பில் என் பேரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏசி இன்னும் ஒரு புள்ளி குறைத்தால் என்ன. வெயிலில் நின்று துண்டால் முகம் துடைத்த அதே ஊர்க்காரர்கள், பெட்டி வர எட்டு நிமிடமானதற்கு இயக்குநர் அறைக் கதவைத் தட்டினார்கள். புகார்ப் புத்தகம் தீர்ந்து இரண்டாவது வாங்கினார்கள். ஊழியர்கள் களைத்துப்போனார்கள். இசக்கிமுத்துவின் முதுகு பிடித்துக்கொண்டது. இவர்களைக் கெடுத்தது போதும் மேடம், இனி நம்மைக் கெடுத்துவிடுவார்கள் என்றார்.

அந்த மாதக் கடைசியில் சவூதியின் தம்மாமிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இறந்தவர் கிரேன் ஓட்டுநர். முப்பத்தெட்டு வயது. எஸ்தர் காலையிலிருந்து எல்லாக் காகிதத்தையும் தானே முடித்து வைத்திருந்தாள். விமானம் நின்றதும் இசக்கிமுத்துவின் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாசலில் இறந்தவரின் தங்கை காத்திருந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு எஸ்தரிடம் திரும்பினாள்.

"ஏன் இருபது நிமிஷம் ஆச்சு? பக்கத்துத் தெரு அந்தோணி வந்தப்போ பதினஞ்சு நிமிஷத்துல விட்டீங்கன்னு சொன்னாங்க. எங்க அண்ணன் மட்டும் என்ன இளப்பமா?"

எஸ்தர் தவறு தன்னுடையதுதான் என்றாள். இனி அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தாள். வண்டி கிளம்பிப் போன பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் அழுதாள். அந்தப் பெண் கோபப்பட்டதில் அவளுக்கு உண்டான நிம்மதியை யாரிடம் சொன்னாலும் புரிந்திருக்காது.

துலாவின் மதிப்பெண் வந்தது. இருபத்தேழு. ஒரே காலாண்டில் அறுபத்து நான்கு புள்ளி சரிந்த நிலையம் வேறு கிடையாது. மேகதாரா நிறுவனம் இரண்டு வரியில் கடிதம் எழுதி விலகிக்கொண்டது. செவல்குளத்தில் பாயசம் வைத்தார்கள். அதில் முந்திரி குறைவு என்று நெல்லையப்பன் எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை விமானத்தில் சாம்பமூர்த்தி மறுபடி வந்தார். இந்த முறை தனியாக. கையில் ஒரு கனமான கோப்பு. எஸ்தர் எதிர்பார்த்ததுதான். பீரோவிலிருந்த தன் சொந்தப் பொருட்களை முந்தின வாரமே வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். இசக்கிமுத்து காரணமே இல்லாமல் அவள் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாம்பமூர்த்தி கோப்பைத் திறக்காமல், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். அவள் மீது குற்றப்பத்திரிகை தயாரிக்கச் சொல்லித்தான் முதலில் உத்தரவு வந்தது. அவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். பயணிகளை மரியாதையாக நடத்தினார் என்று ஆரம்பித்ததுமே அடுத்த வரி ஓடவில்லை. நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் கிழித்துப் போட்டார்.

"அதுக்குள்ளே வேற ஒண்ணு நடந்துடுத்து," என்றார். "உங்க ஊர்க்காரா எங்கே போறா?"

"துபாய், மஸ்கட், பம்பாய், கொச்சி. எல்லா இடத்துக்கும் போறாங்க."

"போற இடத்துல எல்லாம் இறங்கறா இல்லையா? இறங்கி, குடை எங்கேன்னு கேக்கறா. எங்க ஊர்ல குடுப்பாளேங்கறா. பக்கத்துல நிக்கறவன் அதைக் கேக்கறான். மறுநாள் அவனும் கேக்கறான். மேகதாராவோட பதினாறு நிலையத்துலயும் புகார்ப் புத்தகம் தீர்ந்துபோச்சு. பதினோரு இடத்துல தாங்குதிறன் பாதிக்குக் கீழே. துலா இதை ஒரு தொத்து மாதிரி வரைபடம் போட்டுக் காட்டறது. நடுவுல சிவப்பா ஒரு புள்ளி. அது நீங்க."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை.

மேகதாரா முதலில் செவல்குளத்தை மூடச் சொல்லிக் கேட்டதாம். மூட ஒரு காரணம் வேண்டும். காரணத்தை யாராலும் காகிதத்தில் எழுத முடியவில்லை. ஆகவே இப்போது அவர்கள் மூன்று நிலையங்களை ஆணையத்திடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி கைக்கு வருகிறது. ஆணையத்தில் விமான நிலையம் நடத்தத் தெரிந்தவர்கள் என்று மிச்சமிருப்பவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கை. தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு விற்கத்தான் தெரியும்.

"நான் உள்பட," என்றார் சாம்பமூர்த்தி. கோப்பை அவள் பக்கமாக நகர்த்தினார். "மூணையும் நீங்க எடுத்துக்கணும். என்ன வேணுமோ கேளுங்கோ, பார்க்கலாம்."

எஸ்தர் கோப்பைப் பிரித்தாள். மேலே இருந்த பெயர், பதினோரு மணி நேரம் ஒரு பெண்ணை வாசலில் நிற்க வைத்த நிலையத்தினுடையது. அவள் கோப்பை மூடினாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, தன் பேனாவையும் மூடி கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"பார்க்கலாம்னா எப்படி சார்? ஆள் எத்தனை, தேதி என்ன, எல்லாம் எழுத்துல குடுங்க. விமானம் ஒண்ணே முக்காலுக்குத்தான். நேரம் இருக்கு."

வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாம்பமூர்த்தி அவளை ஒரு முறை பார்த்தார். பேனாவை எடுத்தார். இது சரியாக எழுதவில்லை, வேறு கிடைக்குமா என்று கேட்டார்.